யார் சொல்லின் பேரில்

பேகம்பூர், திண்டுக்கல்
12.2.2025

அன்பு மருமகன் அக்மலுக்குத் தாய்மாமன் சௌகத் அலி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். ஜெயிலில் இருப்பவனிடம் சுகமா என்று கேட்பது உப்புப் போட்ட தோலிடம் எரிகிறதா என்று கேட்பது போல, அதனால் கேட்கவில்லை. உன் கைக்கு வருமுன் இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயிலர் ஐயாவுக்கும் என் சலாம். ஐயா, இதில் ரகசியம் எதுவும் இல்லை, சரித்திரம்தான் இருக்கிறது. செத்த நேரம் உட்கார்ந்தே படியுங்கள்.

அக்மல், எனக்கு வயிறு எரிகிறது. நீ வேலை பார்க்கும் தோல் கிட்டங்கியில் பரண் பலகை உளுத்து மூன்று வருஷம் ஆகிறது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அது பலகையா வறுக்கியா என்று தெரியாத நிலை. அதில் கால் வைத்த காவலாளி சடையாண்டி கீழே விழுந்து மண்டை உடைந்தார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நீ. முதலாளி என்ன செய்தார்? மறுநாள் காலையில் புதுப் பலகை அடித்தார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், கூலி கேட்டு ஆள் சேர்த்த அக்மல்தான் தடுக்க வந்த சடையாண்டியைத் தள்ளிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு ஓடியவனுக்குக் கொலை முயற்சி வழக்கு. பலகையை உளுத்துப்போக விட்டவருக்கு ஸ்டேஷனில் நாற்காலி, டீ, இரண்டு பட்டர் பிஸ்கட். இதுதான் நாட்டு நியாயம்.

ஆனால் நீ இருக்கிற இடத்தை லேசாக நினைத்துவிடாதே. கொத்தளம்பட்டிக் கோட்டை ஜெயில் ஐந்து ராஜ்ஜியம் பார்த்தது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டாலும், சரித்திரத்தில் எம்.ஏ. முடித்தவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போகிறார்கள். நாலு மூலையிலும் நாலு வட்டக் கொத்தளம் பார்த்திருப்பாய். பாளையக்காரர் கட்டியது. சுண்ணாம்பில் கருப்பட்டியும் நாற்பதாயிரம் முட்டையும் போட்டு அரைத்தார்கள். பிறகு மைசூர்க் குதிரைப்படை பிடித்தது. பிறகு கம்பெனிக்காரன், பிறகு ராணி, பிறகு நம் ஆட்கள். எவன் வந்தாலும் முதல் வேலையாக ஜெயில் கதவைத் திறந்து உள்ளே இருந்தவர்களை விடுதலை செய்தான். ஊரே வெடி போட்டது. அடுத்த வாரம் வேறு ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டினான்.

நம் பூட்டனார் காதர் மீரா ராவுத்தர் அங்கே ஏழு வருஷம் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஏழடி ஆள். வெள்ளைக்காரத் துரை ஒருவன் கை நீட்டினான் என்பதற்காக ஒரே உதையில் கதவைப் பெயர்த்துப் போட்டு, சுரங்கம் வழியே நடந்து திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் ஏறி, அங்கே லுஹர் தொழுதுவிட்டு, சொன்ன சொல் தவறக்கூடாது என்று தானே திரும்பிப் போய் உட்கார்ந்தார். அந்த ரத்தம்தான் உன் உடம்பில் ஓடுகிறது.

தினமும் பேப்பர் வாங்கிப் பார்க்கிறேன். உன்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு செய்தி வரவேண்டும். ஏனோ இன்னும் வரவில்லை.

துஆவுடன்,
உன் மாமா சௌகத் அலி


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
23.2.2025

மாமா அவர்களுக்கு அக்மலின் சலாம். உடம்பு பரவாயில்லை. களியும் சாம்பாரும் பழகிவிட்டன. பதினாறு பேர் படுக்கும் அறையில் இருபத்தேழு பேர் படுக்கிறோம், அது மட்டும் பழகவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேயுங்கள்.

உங்கள் கடிதத்தை ஜெயிலர் ஐயா படித்துச் சிரித்ததாக வார்டர் ஒச்சப்பன் அண்ணன் சொன்னார். நாற்பதாயிரம் முட்டையை எண்ணியது யார் என்று கேட்கச் சொன்னார்.

மாமா, நீங்கள் சொன்ன சுரங்கத்தைப் பார்த்தேன். கிழக்குக் கொத்தளத்தின் அடியில் இருக்கிறது. அது கக்கூஸ் தண்ணீர் போகிற வழி. பதினைந்து அடி போய் வெளியே பண்ணைக்காட்டுச் சாக்கடையில் சேர்கிறது. திண்டுக்கல் அந்தப் பக்கமே இல்லை.

கதவைப் பற்றிச் சொன்னீர்களே, அதை யாரும் எப்போதும் உதைக்கவில்லை. எங்கள் அறைக்கு ஒரே மரத்தில் செய்த அந்தக் கதவுதான். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து சாவித் துவாரம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்சியும் வந்ததும் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுத் தன் பூட்டுக்குப் புதிதாகத் துளை போட்டிருக்கிறது. மேலே இரண்டைக் கட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் அடைக்கவில்லை. காலையில் அவை வழியாகச் சின்னதாக வெளிச்சம் வந்து தரையில் விழும். முதலில் எழுந்தவனுக்கு அந்த இடம். கடைசித் துளை இப்போதையது.

ஒரு விஷயம். நீங்கள்தான் உதவ வேண்டும். முதலாளி ஆபீஸுக்குள் இருந்தவர், எதையும் பார்க்கவில்லை. சடையாண்டி அண்ணனுக்கு மண்டையில் அடிபட்டதால் விழுந்ததே நினைவில்லை. பலகையோ மாற்றப்பட்டுவிட்டது. ஆனால் நான் தள்ளியதைக் கண்ணால் பார்த்ததாக யாரோ ஒரு ஆள் போலீசில் சொல்லியிருக்கிறானாம். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வழக்கே நிற்கிறது என்று வக்கீல் மலர்விழி மேடம் சொல்கிறார். குற்றப்பத்திரிகை வந்தால்தான் பெயர் தெரியுமாம். உங்களுக்குப் பேகம்பூரில் தெரியாத ஆள் இல்லை. அவன் யார் என்று விசாரியுங்கள் மாமா. நான் அவனுக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று மட்டும் கேளுங்கள்.

புதனும் சனியும் மனு போட்டால் பார்க்கலாம். அம்மா வந்தார்கள். நண்பன் தஹ்சீன் வந்தான். நீங்கள்தான் இன்னும் வரவில்லை.

அக்மல்


பேகம்பூர்
19.3.2025

அன்பு மருமகனுக்கு ரமலான் மாதத்துச் சலாம். நோன்பு வைக்கிறாயா, கஞ்சி தருகிறார்களா? இங்கே பள்ளிவாசல் கஞ்சியில் இந்த வருஷம் உப்பு தூக்கல். நான் சொல்லித்தான் குறைத்தார்கள்.

பதில் தாமதமானதற்கு முழங்காலே காரணம். ஒரு நாள் மனு போட வரலாம் என்று பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டேன். நிலக்கோட்டை பூ வேன் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. அன்றைக்குப் பஸ் போய்விட்டது. வேறொரு புதன்கிழமை தலைவலி. தவிர, என்னைப் போன்ற ஆள் மனு போட வந்தால் ஜெயிலர் எழுந்து நின்று நாற்காலி போடுவார், மற்றவர்களுக்குச் சங்கடம்.

சுரங்கத்தைச் சாக்கடை என்று எழுதியிருக்கிறாய். வெள்ளைக்காரன் வேண்டுமென்றே சுரங்கத்தைச் சாக்கடையாக மாற்றினான், நம் வீரர்கள் பெயர் கெடட்டும் என்று. இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் இருக்கிறாயே.

அந்த ஐந்து துவாரத்தைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்து அரசாங்கம் வந்ததே, ஒருவனாவது கதவில் துளை போடுகிற நேரத்தில் உள்ளே இருக்கிறவனிடம், நீ ஏனப்பா இங்கே இருக்கிறாய் என்று கேட்டானா? பூட்டுக்கு இருக்கிற மரியாதை ஆளுக்கு இல்லை. மைசூர்க்காரன் வரிக்காகப் போட்டான். கம்பெனிக்காரனும் வரிக்காகவே போட்டான், ஆனால் ரசீது கொடுத்தான். ராணி வந்ததும் கைதிகளுக்கு எண் கொடுத்தாள். சுதந்திரம் வந்தது, பேப்பரில் எழுதினார்கள், கொடி ஏற்றினார்கள், மிட்டாய் உள்ளேயும் போனது. சாப்பிட்டவன் உள்ளேயே இருந்தான். கேட்டால் சட்டம் என்பார்கள்.

நீ கேட்ட அந்த ஆளைப் பற்றி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. சும்மா வாயில் வந்ததை எவனாவது சொல்லியிருப்பான். உலகத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவனை நினைத்து நீ மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேரீச்சம்பழம் ஒரு பாக்கெட் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அரபு நாட்டிலிருந்து எனக்கென்று வந்தது.

மாமா


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
3.4.2025

மாமா, பெருநாள் சலாம். பேரீச்சம்பழம் வந்தது. பாக்கெட்டில் திண்டுக்கல் கடை ஸ்டிக்கர் இருந்தது. இருபத்தேழு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். எல்லாரும் உங்களுக்கு நன்றி சொன்னார்கள்.

ஜாமீன் கிடைக்கவில்லை. நேரில் பார்த்த சாட்சி இருக்கிறார், வெளியே விட்டால் அவரை மிரட்டுவான் என்று அரசு வக்கீல் சொன்னார். நான் மிரட்டுவேனாம். யாரென்றே தெரியாதவனை.

பெருநாளுக்கு மறுநாள் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய பதிவேட்டு அறையில் செல் அரித்துவிட்டது. பதிவேடுகளை வெயிலில் பரப்பி வைக்க வேண்டும். ஒச்சப்பன் அண்ணன் மேற்பார்வை. தோல் பிரித்துக் காயப்போட்ட கை என்பதால் நன்றாகவே செய்தேன். தாள்கள் பழைய ஆட்டுத்தோல் மாதிரிதான் இருக்கின்றன, விறைத்து, ஓரம் சுருண்டு.

மாமா, அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு கைதிக்கும் ஐந்து பத்தி. பெயர், ஊர், குற்றம், வந்த தேதி. கடைசிப் பத்தியின் தலைப்பு, 'யார் சொல்லின் பேரில்'. குருவன், வரி மறுத்தது, மணியக்காரர் சொல்லின் பேரில். ஒச்சாயி, கதிர் களவு, பண்ணையார் வீட்டம்மாள் சொல்லின் பேரில். இன்னாசி, சாட்டையைப் பிடுங்கியது, சாட்டைக்குச் சொந்தக்காரர் சொல்லின் பேரில். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆட்சி மாறியதும் மேலே உள்ள முத்திரை மாறுகிறது. அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது.

"இதுக்கும் முந்தி ராசா காலத்துல என்னண்ணே?" என்று கேட்டேன்.

"அப்ப ஏதப்பு பேரேடு? சொல்லு மட்டுந்தேன். சொன்னா உள்ள, அம்புட்டுத்தேன்" என்றார்.

"இப்ப அந்தப் பத்தி இருக்கா?"

"இப்ப கம்ப்யூட்டர்ல இல்ல. ஆனா ஒன்னையும் ஒருத்தஞ் சொல்லித்தானடா புடிச்சாந்துருக்காங்க."

இன்னொன்றும் பார்த்தேன். சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். காதர் மீரா ராவுத்தர் பெயர் இருக்கிறது. ஏழு வருஷம் என்பதும் சரி. ஆனால் கைதிகள் பட்டியலில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வேலை, சமையல். பூட்டனார் இங்கே களி கிண்டியிருக்கிறார் மாமா. ஒச்சப்பன் அண்ணன் அன்றிலிருந்து களி கட்டியாக இருந்தால் என்னைத்தான் திட்டுகிறார்.

அந்த ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லையா?

அக்மல்


பேகம்பூர்
28.4.2025

மருமகனுக்குச் சலாம். முழங்கால் தேவலை. வெயில் தாங்கவில்லை.

பூட்டனார் விஷயம் முழுத் தவறு. வெள்ளைக்காரன் பதிவேட்டை நம்புகிறாயா? சமையல்காரராக வேஷம் போட்டு உள்ளே நுழைந்திருப்பார். சரி, சமைத்தார் என்றே வைத்துக்கொள். களி கிண்டுவது லேசான வேலையா? முந்நூறு பேருக்குத் துடுப்பு போட்டவருக்குத் தோள் எப்படி இருந்திருக்கும்?

இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பத்தியைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சௌகத் அலி


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
17.5.2025

மாமா,

குற்றப்பத்திரிகை நகல் வந்துவிட்டது. சாட்சிகள் பட்டியலில் மூன்றாவது பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். வாக்குமூலத்தை மட்டும் எழுதுகிறேன்.

'நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். எதிரி அக்மல் எனது உடன்பிறந்த சகோதரியின் மகன் ஆவார். சம்பவத்தன்று நான் பரணுக்குக் கீழே நின்றிருந்தேன். எதிரியைப் பிடிக்க ஐந்து நபர்கள் வந்தனர். எதிரி ஒற்றைக் கையால் ஒவ்வொருவராகத் தூக்கி எறிந்தார். சடையாண்டியையும் எறிந்தார். யானையாக இருந்தாலும் எறிந்திருப்பார்.'

யானை என்று வந்ததும் மலர்விழி மேடம் படிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அதற்கு முன்பே, ஒற்றைக் கை என்று வந்தபோதே தெரிந்துவிட்டது.

மாமா, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?


சின்னாளப்பட்டி
20.6.2025

தம்பி சௌகத்துக்கு ஜெய்தூன் பீவி எழுதுவது. பக்கத்து வீட்டு ரிஃபாத் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எழுதம்மா, திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டேன். என் பிள்ளை கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. உன் பதில் போகவில்லை. பக்ரீதுக்குக் கறி கொடுத்தனுப்பினேன், வீடு பூட்டியிருக்கிறது என்று பையன் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். வாடகை வீட்டுக்காரி, பாய் உள்ளேதான் இருக்கார், கதவைத் தொறக்கமாட்டேங்கிறார் என்றாளாம். என் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு நீயும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

ஏலே, சடையாண்டி விழுந்த அன்னைக்கு நீ என் வீட்டில் இருந்தாய். காலையில் வந்தவன் சாயந்தரம் அஸர் தொழுகை வரைக்கும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்கால் சூப்பு இரண்டு தரம் வாங்கிக் குடித்தாய். உப்பு பத்தவில்லை என்று குறை வேறு. பரணுக்குக் கீழ் எந்தக் காலோடு போய் நின்றாய், அந்த ஆட்டின் காலோடா?

சின்ன வயதில் பாம்பு அடித்தேன் என்று கயிற்றைக் காட்டினாய், சிரித்தோம். மச்சான் மவுத்தாகி அடக்கம் பண்ணின பிறகு அக்மலை நான்தான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாய். பெருநாளுக்குப் பெருநாள் வந்து சாப்பிட்டுப் போனவன் நீ. அதையும் விட்டுவிட்டேன், போகட்டும், ஆம்பளைக்கு ஒரு பேச்சு வேண்டும் என்று. என் தப்பு. ஒரு தடவையாவது ஊர் முன்னால் வைத்து, இவன் சொல்றது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவனுக்கு எழுது. நடந்ததை எழுது. நடந்தது எப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தால் என்னிடம் வந்து கேள்.

ஜெய்தூன்


பேகம்பூர்
9.7.2025

அக்மலுக்கு,

சலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலும் நன்றாகத்தான் இருக்கிறது. முன்பும் நன்றாகத்தான் இருந்தது.

நீ கைதானதற்கு மறுநாள். அப்பாஸ் டீக்கடை. பெஞ்சில் நாலு பேர், உன்னைப் பற்றித்தான் பேச்சு. ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். புதுச் செருப்பு, பையில் பேனா, கையில் நோட்டு. பத்திரிகைக்காரன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"பாய், அந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மருமவன்."

"அன்னைக்குக் கிட்டங்கியில நீங்க இருந்தீங்களா?"

அப்பாஸ் டீ ஆற்றுவதை நிறுத்தினான். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்போது 'இல்லை' என்ற வார்த்தை என் வாயிலிருந்து இந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் வந்ததே இல்லை அக்மல்.

"இல்லாம? பரணுக்குக் கீழதான் நின்னேன்."

"அடிதடி ஆச்சாமே?"

"அடிதடியா? அஞ்சு பேரு வந்தானுங்க. எம் மருமவன் நின்ன எடத்த விட்டு நகரல. ஒத்தக் கையில தூக்கித் தூக்கி எறிஞ்சான்."

"சடையாண்டியையுமா?"

"சடையாண்டி என்ன, யானையா இருந்தாலும்."

அவன் எழுதிக்கொண்டான். என் அத்தா பெயர் கேட்டான், கதவு எண் கேட்டான். பேப்பரில் முழு விவரமும் போடுவார்கள் போல என்று இனிஷியலோடு சொன்னேன். போட்டோ வேணுமா என்று நானே கேட்டேன். "கூப்புடுறப்ப வாங்க" என்றான். டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

முதலாளியின் ஆட்கள் உன்னைக் கோழை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை அடக்க வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

பார்த்த சாட்சி ஒருவன் இருக்கிறான் என்று நீ பிப்ரவரியில் எழுதினாயே, அந்த வரியைப் படித்தபோதே தெரிந்துவிட்டது, நோட்டில் எழுதியவன் போலீஸ், சாட்சி நான்தான் என்று. அதன் பிறகு உனக்கு எழுதிய எல்லாவற்றையும் தெரிந்தே எழுதினேன். மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் கொத்தளம்பட்டியில் இறங்கி, கொத்தளத்தைப் பார்த்துவிட்டு, எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். மனுவில் என் பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயர்தான் உன் வழக்கிலும் இருக்கிறது.

அன்றைக்கு நான் சின்னாளப்பட்டியில் இருந்தேன். சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

சௌகத் அலி


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
2.8.2025

மாமா,

கடிதம் வந்தது. நான் நலம் என்று வழக்கத்துக்கு எழுத மனம் வரவில்லை. ஏழு மாதம் ஆகிறது.

உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட வேறொன்று பெரிதாக இருக்கிறது. நீங்கள் கதை சொல்லி. சின்னாளப்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வரை அது தெரியும். எழுதிக்கொண்டவருக்குத் தெரியாது, சரி. ஐந்து பேரை எறிந்தான் என்றால் மற்ற நாலு பேர் எங்கே, அவர்களுக்கு அடிபடவில்லையா என்று அவர் கேட்கவில்லை. மேலே கையெழுத்து போட்டவர் கேட்கவில்லை. ஜாமீன் மறுத்தபோதும் யாரும் கேட்கவில்லை. யானை என்று எழுதியிருக்கிறதே, அதைப் படித்த ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தேவையான சொல் கிடைத்தால் போதும், அது எப்படிப்பட்ட வாயிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ராஜா காலத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று ஒச்சப்பன் அண்ணன் சொல்கிறார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை.

அக்டோபரில் உங்களுக்குச் சம்மன் வரும். கூண்டில் ஏற வேண்டும். கோர்ட் நிறைய ஆள் இருக்கும். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பேகம்பூரிலிருந்தும் வருவார்கள், நீங்கள் வருகிறீர்கள் என்றால் கேட்கவே வருவார்கள்.

அங்கே என்னைக் காப்பாற்றும் வீரனாக வராதீர்கள். போலீஸ் அடித்துச் சொல்லச் சொன்னது என்று சொல்லாதீர்கள், அதுவும் கதை. முதலாளி மிரட்டினார் என்றும் வேண்டாம். கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

அக்மல்


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
18.10.2025

அம்மாவுக்கு அக்மலின் சலாம். நேற்று நீங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்ததால் உள்ளே நடந்தது தெரிந்திருக்காது. நான் பார்த்தபடியே எழுதுகிறேன்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கூண்டில் ஏறியதும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திச் சபையைப் பார்த்தார். அப்பாஸ் டீக்கடை பெஞ்சே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவன் பக்கத்து ஆளிடம், "இருடா, பூட்டனார் வருவார் பாரு" என்றது என் காதில் விழுந்தது.

அரசு வக்கீல் கேட்டார். "சம்பவத்தன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"சின்னாளப்பட்டியில. அக்கா வீட்டுல."

"பரணுக்குக் கீழ நின்னதா போலீஸ்ல சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன். நிக்கல."

"அக்மல் தள்ளினதப் பாத்தீங்களா?"

"பாக்கல. அங்க நான் எதையுமே பாக்கல."

அரசு வக்கீல் கோபத்தில் ஃபைலை மூடினார். "இப்ப மாத்திச் சொல்ல எவ்வளவு வாங்குனீங்க?"

"கதை சொல்ல எனக்கு யாரும் காசு தந்ததில்லங்க. டீ வாங்கித் தந்திருக்காங்க. அன்னைக்கும் டீ தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா, மாமா சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சிரிப்பு வந்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை அவர் தலை குனிந்து நின்றார். ஊர் சிரிக்கும்போது அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "பெரியவரே, ஒன்பது மாசமா ஒரு பையன் உள்ள இருக்கான், தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

"நீங்க அன்னைக்குச் சொன்னதுல எதுதான் உண்மை?"

"எம் மருமவன்னு சொன்னேன். அது உண்மைங்க."

அரசு வக்கீல் எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். சொன்ன சொல்லை விட்டு மாறியவர் என்று அர்த்தமாம். நீதிபதி எழுதிக்கொண்டார். முழுதாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை அம்மா. இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு ஒன்பது மாதம். அதை நினைத்தால் கதவை உதைக்கத் தோன்றுகிறது. பூட்டனார் உதைத்தார் என்று மாமா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கண்ணால் பார்த்த சாட்சி வேறு இல்லை, 31ஆம் தேதி தீர்ப்பு, விடுதலைதான் என்று மலர்விழி மேடம் உறுதியாகச் சொல்கிறார். முதலாளியையும் அந்தப் பலகையையும் யார் கேட்பார்கள் என்றேன். அதற்குத் தனியாக வழக்குப் போடுவோம் என்றார். போடத்தான் போகிறேன்.

கூண்டிலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போனபோது மாமா என்னைப் பார்க்கவில்லை. தஹ்சீன் இன்று மனுவில் வந்து சொன்னான்: சாயந்தரம் அப்பாஸ் கடையில், "கோர்ட்ல என்ன பாய் நடந்துச்சு? சொல்லுங்க" என்று எல்லாரும் கேட்டார்களாம். "கேட்டாங்க, சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

எனக்குக் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. ஆனாலும் தீர்ப்புக்கு முன்னால் அவரை ஒரு தடவை மனு போடச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு பார்ப்பது வேறு, இங்கே வந்து பார்ப்பது வேறு.

அக்மல்


கிளைச் சிறை, கொத்தளம்பட்டி
நேர்காணல் மனு

(மேல் மூலையில், வார்டர் ஒச்சப்பன் கையெழுத்தில்: அனுமதி. 15 நிமிடம்.)

தேதி: 22.10.2025, புதன்
மனுதாரர் பெயர்: மு. சௌகத் அலி
வயது: 58
படிப்பு: ஏழாம் வகுப்பு
தொழில்: தோல் தரகு
சந்திக்க வேண்டிய சிறைவாசி: அக்மல்
உறவு: தாய்மாமன்
இதற்கு முன் சந்தித்த தேதி: இல்லை
கொண்டுவந்த பொருள்: பேரீச்சம்பழம், உள்ளூர்க் கடையில் வாங்கியது
சந்திக்கும் காரணம்: என் சொல்லின் பேரில் உள்ளே இருக்கிறான்.